பாலையில் கண்ட பாலங்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

பாலம் என்றால் ஆறு வேண்டும். ஆறு என்றால் மழை வேண்டும். சிறு வயது முதல் நாம் கண்டும் கற்றும் வந்த கணக்கு இது. ஆறும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மழையும் இல்லை என்னும் ஓர் ஊரில் பாலத்திற்கு மேல் பாலமாகக் கட்டுவானேன்? சென்ற கோடை விடுமுறையில் இருபது நாட்கள் துபாய் நகரில் கேமராவும் கையுமாக அலைந்தபோது என் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். அந்த நாட்களில் எடுத்த படங்களைப் பற்றியும், எப்படி எடுப்பது என்று தெரியாமல் பல நாள் திகைத்து நின்ற ஒரு படத்தைப் பற்றியும் நம் கல்லூரி மலரில் எழுத விரும்புகிறேன்.

என் அண்ணன் ஏழு ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கிறார். வேலையின் பெயர் ‘ஸ்டீல் ஃபிக்சர்’. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கம்பி கட்டுபவர். இவ்வாண்டு அவர்தான் பணம் சேர்த்து விசிட் விசா எடுத்து என்னை அழைத்தார். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் சித்தப்பா மகன், தன்னிடமிருந்த பழைய கேனான் கேமராவைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினான். புறப்படும் அன்று அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணன் கட்டுன பாலம்னு போன்ல சொல்லுவானே, அதை நல்லாப் படம் புடிச்சிட்டு வாப்பா. இத்தனை வருசத்துல அவன் என்ன வேலை செய்யுறான்னு நான் கண்ணால பாத்ததில்ல.”

அம்மா சொன்னது உண்மைதான். அண்ணன் வீட்டுக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் புர்ஜ் கலீஃபாவின் முன்னால் நிற்பவை. அல்லது பெரிய கடைகளின் கண்ணாடி வாசலில் நிற்பவை. வேலையிடத்தில் செல்பேசியை வெளியே எடுக்கக் கூடாது என்பது அவருடைய இடத்து விதி. ஆகவே அவர் வேலை செய்த படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம் சட்டத்தைப் பற்றியது. “தம்பி, மனுசங்களை அவங்க சம்மதம் இல்லாம எடுக்காத. அரசாங்கக் கட்டடம், விமான நிலையம், போலீஸ் இதுபக்கம் கேமராவைத் திருப்பாத. பாலத்தை எடு, தண்ணியை எடு, படகை எடு.” அந்த மூன்றும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

துபாய் நகரத்தின் நடுவே கடல் ஒரு விரலைப் போல உள்ளே நுழைந்து கிடக்கிறது. அரபியில் ‘கோர்’ என்பார்கள். மற்றவர்கள் ‘கிரீக்’ என்பார்கள். நாம் உப்பங்கழி எனலாம். ஆற்று நீர் வந்து சேராத, கடல் நீரே உள்ளே வந்து திரும்பும் கழி அது. ஒரு கரையில் தேரா. மறு கரையில் பர்துபாய். முத்துக் குளிப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் வணிகர்களும் இந்தக் கழியை நம்பித்தான் இங்கே குடியேறினார்கள். 1930களில் முத்து வணிகம் சரிந்த பிறகு ஊருக்கு எஞ்சியது படகு வணிகம்தான். அந்தப் படகுகளுக்கும் ஒரு தொல்லை இருந்தது. கழியின் வாயில் மணல் சேர்ந்து சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டே வந்தது.

அப்போது ஆட்சியில் இருந்த ஷேக் ராஷித், குவைத்திடம் கடன் வாங்கிக் கழியைத் தூர் வாரினார். 1959இல் தொடங்கிய வேலை 1961இல் முடிந்தது. அள்ளிய மணலைக் கொண்டு கரைகளை மேடாக்கினார்கள். 1963இல் கழியின் மேல் முதல் பாலமாகிய அல் மக்தூம் பாலம் திறக்கப்பட்டது. துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல். முதல் ஏற்றுமதி 1969இல். இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. எண்ணெய்ப் பணம் வந்ததால் பாலம் வந்தது என்று நான் எண்ணியிருந்தேன். வரிசை வேறாக இருக்கிறது. முதலில் தண்ணீர், தண்ணீரைக் காக்கக் கடன், பிறகு பாலம், அதற்கும் பிறகுதான் எண்ணெய். பாலைவனத்து மக்களுக்கு உப்புத் தண்ணீரே சோறு போட்டிருக்கிறது.

கழியைக் கடக்க இன்றும் எளிய வழி ‘அப்ரா’ என்னும் மரப்படகுதான். கட்டணம் ஒரு திர்ஹாம். நடுவே நீண்ட பலகை. இரு புறமும் முதுகோடு முதுகு சாய்த்து, முகம் தண்ணீரைப் பார்க்கும்படி உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்தில் அக்கரை. அண்ணன் வேலைக்குப் போன நாட்களில் இந்தப் படகில் பலமுறை போய்த் திரும்பி நான் படம் எடுக்கப் பழகினேன். படகு ஆடும், ஆகவே ஷட்டரை விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறையாமல் வேகமாக வைத்தால்தான் கரை கலங்காமல் விழும். தேராக் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் பெரிய மரக்கலங்களில் பெட்டிகளும் மூட்டைகளும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மரக்கலங்களுக்கு ஒரு காலத்தில் மலபார்த் தேக்கு போயிற்று என்று படித்திருக்கிறேன். கள்ளிக்கோட்டைக்கு அருகில் பேப்பூரில் கட்டப்பட்ட உருக்களும் வளைகுடாத் துறைமுகங்களுக்குச் சென்றவையே.

பர்துபாய்க் கரையில் அல் ஃபாஹிதி என்னும் பழைய குடியிருப்பு இருக்கிறது. பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிக் கட்டிய வீடுகள். சுவர்களுக்குக் கடலிலிருந்து எடுத்த பவளக் கல், பூச்சுக்குச் சுதை, கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்த சதுப்பு மரக் கழிகள். கழி எவ்வளவு நீளமோ அறை அவ்வளவு அகலம்! பல வீடுகளின் மேல் சதுரமாக ஒரு கோபுரம். ‘பர்ஜீல்’ என்று பெயர். நான்கு திசையிலும் திறப்பு. உள்ளே பெருக்கல் குறி போல் குறுக்குச் சுவர். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். எதிர்ப்புறத் திறப்பு வழியே சூடான காற்று மேலேறிப் போகும். மின்விசிறி இல்லாத காலத்து இயற்பியல் அது. 1980களில் இக்குடியிருப்பில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அங்கே வசித்த ரெய்னர் ஆட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எஞ்சியதைக் காக்க முயன்றார். 1989இல் அன்றைய இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் வந்து பார்த்து, காக்க வேண்டும் என்று பேசினார். அந்த முயற்சிகளால் எஞ்சிய கோபுரங்களே இன்று நாம் படம் எடுக்கும் கோபுரங்கள்.

படம் எடுப்பதில் பாலைவனம் எனக்கு நடத்திய வகுப்புகள் இரண்டு. முதல் வகுப்பு, விடியற்காலையில். ஏ.சி. அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்த நொடியில் லென்சு முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பாலைவனம் என்றால் வறட்சி என்றுதான் நினைப்போம். ஆனால் கடலோரப் பாலையின் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த கண்ணாடியின் வெப்பநிலை வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே இருந்தால் நீராவி அதன் மேல் துளியாகப் படியும். முதலாண்டில் வெப்பவியல் தாளில் எழுதிய பாடம் லென்சின் மேல் எழுதப்பட்டிருந்தது. மறுநாள் முதல் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெளியே கொண்டுவந்து, சூடேறிய பிறகே பையைப் பிரித்தேன். ஈரம் பைக்கு வெளியே படிந்து நின்றுவிடும்.

இரண்டாவது வகுப்பு, வெயில் ஏறிய பிறகு. வெண்சுவரையும் மணலையும் எடுத்த படங்கள் எல்லாம் மங்கிச் சாம்பலாக வந்தன. கேமராவில் உள்ள ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்குப் போடும்; வெள்ளையைக் கண்டால் ‘ஒளி அதிகம்’ என்று குறைத்துவிடும். நாமாக ஒரு படி கூட்டிவைத்தால் வெள்ளை வெள்ளையாகவே வரும். பாலத்தின் அடிப்பகுதியை எடுக்கும்போது இதுவே வேறு வகைச் சிக்கலாகிறது. மேலே கண்ணைப் பறிக்கும் வானம். கீழே இருண்ட நிழல். இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது கடினம். வானத்தைச் சரியாக எடுத்தால் தூண்கள் கறுத்துப்போகும்; தூண்களைச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். இரண்டில் எது வேண்டும் என்று எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். இந்தச் செய்தியை இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

ஒரு மாலை அண்ணன் துபாய்க் கால்வாயைக் காட்டினார். பழைய கழியின் உள்முனையைக் கடலோடு மீண்டும் இணைப்பதற்காக நகரத்தை வெட்டி உண்டாக்கிய 3.2 கிலோமீட்டர் நீர்வழி. 2016 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் மேலே செல்லும் ஷேக் சாயித் நெடுஞ்சாலைப் பாலத்தின் இரு பக்கமும் செயற்கை அருவி விழுகிறது. படகு நெருங்கினால் அருவி தானே நின்று வழிவிடுகிறது! சிறிது தொலைவில் நடப்பவர்களுக்கென்று மெல்லிய வளைவில் தொங்கும் ஒரு பாலம். 2017இல் அதற்குச் சகிப்புத்தன்மைப் பாலம் என்று பெயர் சூட்டினார்கள். விளக்கேற்றும் நேரத்தில், வானம் கருநீலமாகி முற்றும் இருளாத அந்த அரைமணிப் பொழுதில், கைப்பிடிச் சுவரின் மேல் கேமராவை வைத்து இரண்டு விநாடி ஒளி கொடுத்து எடுத்தேன். தண்ணீர் கண்ணாடியாகி, பாலம் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டாயிற்று. நான் எடுத்தவற்றுள் எல்லாரும் பாராட்டும் படம் அதுதான்.

ஆனால் அம்மா கேட்ட படம் அது இல்லையே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு விடுமுறை. அதிகாலையில் ஷிந்தகாக் கரைக்குப் போனோம். 1896இல் கட்டப்பட்ட ஷேக் சயீதின் வீடு இருக்கும் பகுதி அது. கழி கடலோடு சேரும் வாய்க்கு அருகில் நிற்கிறது இன்ஃபினிட்டி பாலம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 300 மீட்டர் நீளம், போக ஆறு வழி, வர ஆறு வழி. மேலே வெள்ளை எஃகு வளைவு 42 மீட்டர் உயரம். கணக்கு வகுப்பில் எல்லை காணும்போது எழுதுவோமே, படுத்துக் கிடக்கும் எட்டு, அந்த முடிவிலிக் குறியைப் போன்றது அதன் வடிவம். கிழக்கு வெளுக்கும்போது வளைவு முதலில் ரோஜா நிறமாகவும் பிறகு பொன்னாகவும் மாறியது. நான் இருபது படங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன். அண்ணன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த பிறகு அவர் இந்தப் பக்கம் வருவது அதுவே முதல் தடவையாம்.

“எது அண்ணே நீங்க கட்டுனது? அந்த வளைவா?” என்று கேட்டேன்.

“வளைவு எல்லாம் எஃகு வேலைக்காரங்க செஞ்சது. நான் கரைப்பக்கம் ஏறி வர்ற பாலத்துக்குத் தூண்ல கம்பி கட்டுனவன்” என்றார்.

“எந்தத் தூண்?”

அவர் சிரித்தார். “தூணைப் பாக்கலாம். கம்பி உள்ளல்ல இருக்கு!”

அந்தச் சொல் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. கம்பியைக் கட்டி முடித்தால் பலகை அடிப்பார்கள், கான்கிரீட் ஊற்றுவார்கள், பலகையைப் பிரித்தால் வழவழப்பான சாம்பல் தூண் ஒன்று நிற்கும். ஊற்றிய அன்றோடு கம்பி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. நூறு ஆண்டு அந்தப் பாலம் நின்றாலும் அவர் செய்த வேலையை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. பார்க்கும்படி ஆனால் அது பாலத்துக்கு நோய் வந்த நாளாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எந்த லென்சு கொண்டு எடுப்பது? அம்மாவுக்கு எதைக் காட்டுவது?

“என்னைப் புர்ஜ் கலீஃபா முன்னால நிக்கவச்சு ஒண்ணு எடு. அம்மாவுக்கு அதுதான் புடிக்கும்” என்றார் அண்ணன். நான் ஒப்பவில்லை. நடைபாதை ஓரமாகவே நடந்து ஏறுபாலத்தின் தூண்கள் தெரியும் இடத்துக்குப் போனோம். நிழலில் நின்று, கம்பி கட்டுவது என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். ஏழு ஆண்டுகளாகத் தொலைபேசியில் பேசுகிறோம். இதை நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அண்ணன் சொல்லத் தொடங்கினார். நெடுக நிற்கும் கம்பி 32 மில்லிமீட்டர். அதைச் சுற்றி வளையம். ஒவ்வொரு சந்திப்பிலும் கட்டுக்கம்பியால் ஒரு முடிச்சு. ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணியதில்லை. மாலையில் கட்டைவிரல் எண்ணிச் சொல்லும். கம்பிக்கூட்டுக்கும் பலகைக்கும் இடையே சிறு சிறு கட்டிகள் வைக்க வேண்டும். ‘கவர் பிளாக்’ என்பார்கள். கம்பி ஓரத்துக்கு வந்துவிடாமல் காப்பது அதுதான்.

“கான்கிரீட் இறுகினப்புறம் நான் போட்ட முடிச்சுக்கு வேலையே இல்ல, தம்பி. பாரம் எல்லாம் கம்பியும் கான்கிரீட்டும் தாங்கிக்கும். ஊத்துறப்போ கம்பி அசையாமப் புடிச்சிருக்கணும், அம்புட்டுத்தான். ஆனா அந்த நேரத்துல ஒரு விரக்கடை நகந்துச்சுன்னா, பின்னால உப்பு உள்ள பூந்துரும்.”

வேதியியல் துணைப்பாடமாகப் படித்த எனக்கு இது புரிந்தது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைக்கிறது. கடல் உப்பின் குளோரைடு மெல்ல மெல்ல ஊடுருவி வந்து அந்தப் படலத்தை உடைத்தால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்டுப் பெற முடியாமல் கான்கிரீட்டைப் பிளக்கும். வளைகுடாவின் வெப்பமும் உவர் நிலமும் உப்புக் காற்றும் இதை விரைவுபடுத்துகின்றன. அங்கே தொடக்க காலத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடங்கள் பல இந்த நோயால் விரைவிலேயே வெடித்தன. கம்பிக்கும் காற்றுக்கும் இடையே நிற்கும் சில விரற்கடைக் கான்கிரீட்டே பாலத்தின் ஆயுள். அந்த இடைவெளியைக் காத்தது அண்ணனைப் போன்றவர்களின் முடிச்சு.

இதைச் சொல்லும்போது அண்ணன் வலக்கையைத் தூணை நோக்கி நீட்டி, எங்கே ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி சேர்கிறது, எங்கே வளையம் நெருங்குகிறது என்று காற்றில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கரும்பலகை முன்னால் நிற்கும் ஆசிரியரைப் போல் இருந்தது. கேமராவை உயர்த்தினேன். வானமா, தூணா என்னும் கேள்வி அங்கேயும் வந்தது. வானத்தை விட்டுவிட்டேன். பின்னால் இருந்த கடலும் வெள்ளை வளைவும் வெளுத்துக் கரைந்துபோக, நிழலில் நின்ற தூணும் அதில் பலகையின் பொருத்துக் கோடுகளும், நீட்டிய கையும், பேசிக்கொண்டிருக்கும் முகமும் தெளிவாக விழுந்தன. அண்ணன் திரும்பிப் பார்த்து, “ஏய், நான் ரெடியாகலையே!” என்றார்.

ஊருக்குத் திரும்பி எல்லாப் படங்களையும் அம்மாவிடம் காட்டினேன். எங்கள் ஊர் இராமநாதபுரத்துக் கடலோரம். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்த கண்களுக்குப் பாலம் புதிதல்ல. பொன்னிற வளைவைப் பார்த்து “நல்லா இருக்கு” என்றார். கால்வாயின் அருவியைப் பார்த்து வியந்தார். தூணும் அண்ணனும் இருந்த படம் வந்ததும் கையில் வாங்கிக்கொண்டார்.

“இவன் என்ன சொல்லிக்கிட்டு இருக்கான்?” என்று கேட்டார்.

கம்பி, வளையம், முடிச்சு, கட்டி, உப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பங்கரை வேலையை மறந்து உட்கார்ந்து கேட்டார். இரவு அண்ணன் பேசியபோது, வழக்கமான சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்குப் பிறகு, “அந்தக் கட்டி வைக்கிறதை மறந்துராதப்பா” என்று அம்மா சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு பலமாகச் சிரித்தார் அண்ணன்.

நண்பர்களே! பாலையில் பாலம் எதற்கு என்ற என் கேள்வியின் மறுபாதிக்கும் விடை இதிலேதான் கிடைத்தது. தண்ணீரால் பிழைத்த ஊர், தண்ணீரைத் தூர்வாரி வைத்துக்கொண்டது. இருந்த தண்ணீர் போதாமல் கால்வாய் வெட்டியும் கொண்டது. அந்தத் தண்ணீரைத் தாண்டிப் போக, தண்ணீரும் மழையும் உள்ள ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கம்பி கட்டினார்கள். பாலத்தின் எழிலைப் படம் பிடிக்க நல்ல வெளிச்சமும் சற்றுப் பொறுமையும் போதும். பாலம் எப்படி நிற்கிறது என்பதைப் படம் பிடிக்க, கட்டியவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் துறைத்தலைவரின் அனுமதியுடன் இந்தப் படங்களில் பன்னிரண்டை இயற்பியல் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். முடிவிலி வளைவின் படம் நடுவில் பெரிதாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் அதற்குக் கீழே இடப்பக்கம் இருக்கும் தூண் படத்தின் முன்னும் ஒரு நிமிடம் நிற்க வேண்டுகிறேன். அதில் கம்பி தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிறது.